உலராத தீவில் ஒரு கடைவாய்ப்பல்

மருத்துவப் படகு இந்த முறை ஒன்பது நாள் தாமதம்.
காற்று துறையை மூடி வைத்திருந்தது.
சிலேயின் தெற்கே, சௌலினெக் தீவில்,
பள்ளிச் சமையலறைதான் எங்களுக்கு ஒதுக்கிய இடம்.
ஒடிலியா உருளைக்கிழங்கு மூட்டையை ஓரம் தள்ளி
மேசையில் விரிப்பைப் போட்டாள்.
வெளியே மழை என்று
தனியாகச் சொல்ல வேண்டியதில்லை இங்கே.
சுவர் ஈரம், ரொட்டி ஈரம்,
பேனா முனை தொட்டதும்
மையைக் குடித்துவிடுகிறது பதிவேட்டுத் தாள்.

நான் கொண்டுவந்திருப்பதோ
ஈரத்தைக் கண்டால் முகம் திருப்பும் பிசின்.

எலிசேயோ நவெல்கின், வயது ஆறரை.
திற என்றதும் வாயைத் திறந்தான்,
திறந்த வாயால் பேசத் தொடங்கினான்:
ஆடு குட்டி போட்டது, இரண்டு,
ஒன்றுக்குக் காது கறுப்பு.
அவன் நாக்குக்குப் பின்னால்
பால்பற்களின் வரிசை முடிகிற இடத்தில்
யாரும் கேட்காமல் முளைத்திருந்தன நான்கு புதுப்பற்கள்.
தலையில் பள்ளமும் வரப்புமாக,
இனி எழுபது வருடம் மெல்ல வேண்டியவை.

முதலில் அமிலம். நீலக் கூழ், ஒரு பொட்டு.
ஒடிலியா நொடிகளை எண்ணினாள் உரக்க.
கழுவி, காற்றை ஊத,
பளபளப்பு செத்து
கரும்பலகைச் சுண்ணக்கட்டியாய் வெளுக்க வேண்டும் பல்.
வழுவழுப்பில் எதுவும் நிற்காது;
கொஞ்சம் அரித்துவிட்டால்தான் பிசின்
கண்ணுக்குத் தெரியாத குழிகளில் விரல் நுழைத்துப் பிடிக்கும்.
இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை,
குழாயோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது.

மூன்று பற்கள் சொன்னபடி கேட்டன.
பிசின் ஓடிப் பரவியது, நீல விளக்கு இருபது நொடி,
நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

நான்காவது, கீழே இடப்பக்கம்.
பின்பாதி இன்னும் ஈறின் போர்வைக்குள்.
பஞ்சுருளை வைத்தேன், ஊறியது. மாற்றினேன், ஊறியது.
பதினொன்று என்று ஒடிலியா எண்ணுகையில் தும்மினான்.
வெளுத்த பல்லின் மேல் ஒரு துளி எச்சில்.
அவ்வளவுதான்.
மறுபடி அமிலம், மறுபடி கழுவல்,
மறுபடி அந்த நாக்கு, வேலியோரக் கன்று போல
மெல்ல எட்டிப் பார்த்து, நக்கிவிட்டுப் போனது.

பஞ்சை எடுத்ததும் கேட்டான்:
"அப்பா படகுப் பலகைக்கு நடுவே நார் அடைப்பார்.
தண்ணீரில் இறக்கினால்தான் அது இறுகும்.
உங்களுடையது மட்டும் ஏன் தண்ணீருக்குப் பயப்படுகிறது?"

ஒடிலியா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம்
ஒருவரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது:
பொடியும் திரவமும், கலந்தால் கண்ணாடிச் சிமெண்ட்.
சிக்கென்று பற்றாது, சீக்கிரம் தேயும்,
பாடப் புத்தகத்தில் இரண்டாம் இடம்.
ஆனால் கொஞ்சம் ஈரத்தோடு குடித்தனம் நடத்தும்,
இருக்கிறவரை ஃபுளோரைடைச் சிறுகச் சிறுகக் கொடுக்கும்.
காகிதத்தில் குழைத்து,
விரல் நுனியில் வாசலின் தடவி,
பள்ளத்தில் வைத்து அழுத்தினேன்.
விளக்கு இல்லை, எண்ணிக்கை இல்லை.
இரண்டு மூன்று நிமிடம் என் விரல் அவன் வாயில்;
அவனுக்குப் பேச முடியாத எரிச்சல்,
மூக்கால் ஆட்டின் கதையைத் தொடர்ந்தான்.

எட்டு மாதம் கழித்துப் போனேன்.
பிசின் வைத்த மூன்றும் அப்படியே.
நான்காவதில் ஒன்றுமில்லை, வெறும் பல்.
காஸ்த்ரோ அலுவலகத்துப் படிவம் கேட்கிறது:
நிலைத்ததா, ஆம், இல்லை.
இல்லையில் கோடு போட்டேன்.

பிறகு ஊதி உலர்த்தி, கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால்
பள்ளத்தின் அடியாழத்தில்
நூலிழை அளவு வெள்ளை.
கருப்பு இல்லை, மென்மை இல்லை,
பூச்சி நுழைய இடமில்லை.

அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதி வைத்தேன் இரண்டு வரி.
படகு கரை சேருமுன் மை ஊறிப் பரவி
இப்போது எனக்கே வாசிக்க வரவில்லை.